பழைய எஞ்சினுக்கு என்ன பெயின்ட் அடிப்பது?

கேள்வி: என்னிடம் இரண்டு ஃப்ளைவீல் உள்ள பழைய ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று இருக்கிறது. மேலே தண்ணீர்த் தொட்டி உள்ள வகை. பழைய பெயின்டை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டேன். கடையில் 600 டிகிரி தாங்கும் எஞ்சின் பெயின்ட் வாங்கச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ பேக்தான் சரி என்கிறார். பட்டறைக்காரர் ஒருவர், பவுடர் கோட்டிங் செய்தால் ஆயுளுக்கும் கவலை இல்லை என்கிறார். எப்போதாவது ஓட்டுவேன், கண்காட்சிக்கும் கொண்டுபோக ஆசை. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மூன்றும் வேண்டாம். சாதாரண சிந்தெடிக் எனாமல் வாங்கி நல்ல பிரஷ்ஷால் அடியுங்கள், பளபளப்பு நடுத்தரமாக இருக்கட்டும். பெட்ரோல் டேங்கும் எக்ஸாஸ்ட், சைலென்சரும் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன். பழைய பெயின்டைக் காப்பாற்றியிருக்கலாமா என்று பேசிப் பயனில்லை, சுரண்டிவிட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 600 டிகிரி. டப்பாவில் எஞ்சின் படம் போட்டு, பெரிய எழுத்தில் ஒரு எண்ணை அச்சிட்டுவிட்டால் விற்றுவிடுகிறது. உள்ளே இருப்பது என்ன வகை பெயின்ட், எத்தனை டிகிரியில் இறுகும் என்பதை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது, சில டப்பாக்களில் அதுவும் கிடையாது. இப்படி அச்சடிக்க யார்தான் அனுமதிக்கிறார்களோ. உங்கள் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். எனவே தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அதன் வெளிச்சுவர் அதற்கு மேல் சூடாக வழியே இல்லை, அந்தச் சூட்டைச் சாதாரண எனாமலே தாங்கும். இன்னொரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்: அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பெயின்ட் பெரும்பாலும் 200 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் முழுமையாக இறுகும். உங்கள் தொட்டிச் சுவர் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது, பெயின்ட் இறுகவே இறுகாது, ஒருநாள் பெட்ரோல் பட்ட துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும். அந்த டப்பா சைலென்சருக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் மட்டும்தான். அங்கேகூட முதல் சில தடவை எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி இறுக விட வேண்டும்.

அப்புறம் பவுடர் கோட்டிங். தூளைத் தூவி, அடுப்பில் வைத்து 180 முதல் 200 டிகிரி வரை சுடுவார்கள். கதவு, ஜன்னல் கம்பிக்கு அருமையானது. பழைய வார்ப்பிரும்பு பல வருடம் எண்ணெய் குடித்த பொருள். அடுப்பில் வைத்ததும் உள்ளே இருக்கும் எண்ணெயும் காற்றும் கொப்பளித்து வெளியே வரும், பூச்சு முழுக்க ஊசி முனை ஓட்டைகளாகிவிடும். எங்காவது ஒரு மூலை பெயர்ந்தால் ஈரம் அடியில் புகுந்து துரு பரவும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிரஷ்ஷால் அடித்ததைப் போல் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடவும் முடியாது.

பட்டறைக்காரரை எனக்குத் தெரியாது, ஆனால் இந்த ஆட்களில் ஒரு ரகம் உண்டு. "எதையும் கழற்ற வேண்டாம், அப்படியே கொண்டு வாங்க, எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். இவர்கள் வேலை செய்வதில்லை, வேலையை வாங்கி இன்னொருவரிடம் தள்ளிவிடுகிறார்கள். அந்த இன்னொருவர் துருப்பிடித்த கேட்டையும் உங்கள் எஞ்சினையும் ஒரே மாதிரி மணலைப் பீய்ச்சிச் சாண்ட் பிளாஸ்டிங் செய்து அனுப்புவார். பிரித்து எடுக்காத கிராங்க் கேஸுக்குள் ஒரு கைப்பிடி மணல் போனால் பேரிங் கதை முடிந்தது. தீப்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோவைக் கழற்றாமல் அடுப்பில் வைத்தால் சுருளில் பூசிய அரக்கு இளகி, தீப்பொறி வராத இரும்புக்கட்டி திரும்பி வரும். கேட்டால் அது முன்பே அப்படித்தான் இருந்தது என்பார்கள். யாரிடம் கொடுத்தாலும் வெறும் வார்ப்புகளை மட்டும் கொடுங்கள், கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

டூ பேக் உண்மையிலேயே உறுதியான பெயின்ட், நண்பர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். மூக்கில் மாட்டும் தூசி மாஸ்க் இதற்குப் பத்தாது, வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் வேண்டும். வீட்டில் யாரிடம் இருக்கிறது அது? போதாததற்கு, முடித்த பிறகு அந்தக் கண்ணாடிப் பளபளப்பு ஒரு பழைய எஞ்சினுக்குப் பொருந்தவும் பொருந்தாது. இவை தண்ணீர் இறைக்கவும் தீவனம் நறுக்கவும் செய்த இயந்திரங்கள். தொழிற்சாலையில் சொரசொரப்பான வார்ப்பின்மேல் பட்டி பார்த்து, எனாமல் அடித்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஆனால் கண்காட்சிகளில் முகம் பார்க்கிற மாதிரி மின்னுவதற்குத்தான் பரிசு கொடுக்கிறார்கள், அதைப் பார்த்து அடுத்த வருடம் பத்துப் பேர் அதேபோல் அடித்துக்கொண்டு வருகிறார்கள். நடுவர்கள் குனிந்து ஒரு நட்டையாவது பார்த்தால் தேவலை.

சரி, பெட்ரோல் டேங்க். சிந்தெடிக் எனாமலின் பலவீனம் பெட்ரோல்தான். தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரே நாளில் காய்ந்துவிடும், ஆனால் முழுதாக இறுகப் பல வாரம் ஆகும். அதற்குள் மூடியைச் சுற்றிப் பெட்ரோல் சிந்தினால் இளகிச் சுருங்கும். இறுகிய பிறகும் அடிக்கடி சிந்தினால் நிறம் மங்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் மோசம். அதனால் டேங்கைத் தனியாகக் கழற்றி, அதற்கு மட்டும் டூ பேக் அடிக்கலாம், முறையான சாதனம் வைத்திருக்கும் கார் பெயின்டரிடம் கொடுத்து. அவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, அடியில் எபாக்சி பிரைமர்தான் வேண்டும். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் மேலே டூ பேக் அடித்தால் அதன் தின்னர் கீழ்ப்பூச்சைக் கிளப்பி, மேற்பரப்பு முழுக்கச் சுருக்கம் விழும். இரண்டு, டேங்கைச் சூடாக்கவே கூடாது. பழைய டேங்குகள் பலவற்றின் இணைப்பு ஈயப்பற்று, அது 180களில் இளக ஆரம்பிக்கும், பவுடர் கோட்டிங் அடுப்பில் போட்டால் தகடு தகடாகப் பிரிந்து கிடக்கும். காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், நெருப்பு காட்டினால் வெடிக்கும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரே டப்பா நிறமாக இருந்தாலும் டேங்கும் எஞ்சினும் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் வேறுபடும். எனவே எஞ்சினுக்கு அடித்த எனாமலை ஒரு தகட்டில் அடித்துக் காயவைத்து, அந்தத் தகட்டைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லுங்கள், பளபளப்பையும் அதற்கே பொருத்தச் சொல்லுங்கள். இவ்வளவு தொல்லை வேண்டாம் என்றால் டேங்குக்கும் எனாமலையே அடித்து, சில வாரம் மாட்டாமல் வைத்திருங்கள், பெட்ரோல் ஊற்றும்போது புனலும் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

அடிப்பதற்கு முன் வார்ப்பின்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் போகவில்லை, மறுபடி கழுவ வேண்டும். ஒரே படலமாகப் பரவினால் உடனே துடைத்துக் காயவைத்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், விட்டுவைத்தால் மறுநாள் காலையில் துரு. பிரைமரோடு நிறுத்திவிட்டு ஈரத்தில் வைக்கவும் கூடாது, ரெட் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும். பட்டி வைப்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டியை ஒரு முறை நன்றாகப் பாருங்கள், உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்த தொட்டியை முன்னால் வைத்திருந்தவர் பட்டியால் மூடியிருக்கக்கூடும். மூலையில் ஏதாவது பழைய பெயின்ட் மிச்சம் இருந்தால் காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

எண்ணெய் ஊற்றும் துளைகள், பித்தளைப் பெயர்ப்பலகை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் இணைப்புகள், வால்வுத் தண்டு இவற்றில் பெயின்ட் படக்கூடாது. துளைகளில் மரக்குச்சி செருகி வைத்துவிட்டு அடியுங்கள், எஞ்சினைத் திருப்பிவிடும் முன் எல்லாக் குச்சியையும் எண்ணி எடுத்துவிடுங்கள்.