நாசில் பாட வேண்டும்! — பம்ப் பட்டறை கேள்வி பதில்

நாமக்கல்லில் டீசல் பம்ப் பட்டறை வைத்து 38 வருஷம் ஆகிறது. 'இன்ஜெக்‌ஷன் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள்' என்று போன இதழில் ஆசிரியர் போட்டாலும் போட்டார், பாதிக் கடிதங்கள் 'எந்த வண்டி அதிக மைலேஜ் தரும்?' என்றே வந்திருக்கின்றன. அதற்குப் பதில் உங்கள் வலது காலிடம்தான் இருக்கிறது. மிச்சத்தில் இருந்து ஆறு.

பழைய லாரி டீசல் தீர்ந்து நின்றால் நாசில் பைப் நட்டை லூஸ் செய்து ஏர் எடுத்து நானே கிளப்பிவிடுவேன். புது பி.எஸ்.6 வண்டியில் அதே மாதிரி செய்யப் போனேன். மெக்கானிக் பையன் ஓடிவந்து ஸ்பேனரைப் பிடுங்கிவிட்டான். அப்படி என்னண்ணே மாறிப்போச்சு?
— லாரி உரிமையாளர், ராசிபுரம்

முதலில் அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். உங்கள் விரலைக் காப்பாற்றியிருக்கிறான்.

உங்கள் பழைய வண்டியில் இருந்தது இன்லைன் பம்ப். 1927-ல் ஜெர்மனியின் போஷ் கம்பெனி தொழிற்சாலையில் வரிசையாகச் செய்ய ஆரம்பித்த வடிவம். நம் ஊரில் அதை இன்றும் 'மைக்கோ பம்ப்' என்றுதான் சொல்வோம். 1951-ல் தொடங்கிய, போஷின் இந்தியக் கம்பெனியான மைக்கோவின் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஆறு சிலிண்டருக்கு, டீசலைத் தள்ளும் ஆறு குட்டி பம்ப்; எலிமென்ட் என்போம். எந்த சிலிண்டருக்கு முறை வருகிறதோ அந்த எலிமென்ட் ஒரு தள்ளு தள்ளும். சுமார் 200 பார் அழுத்தம் வந்ததும், டீசலைத் தெளிக்கும் முனையான நாசில் திறக்கும். தள்ளு முடிந்தால் பைப்பில் அழுத்தம் இறங்கிவிடும். அதனால்தான் ஓடுகிற இன்ஜினிலேயே ஒவ்வொரு நட்டாக லூஸ் செய்து, எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று காதாலேயே கண்டுபிடித்தோம். டீசல் சட்டையில் தெறிக்கும், வீட்டில் திட்டு விழும், அவ்வளவுதான் ஆபத்து.

அந்த பம்ப்புக்கு ஒரு தீராத குறை இருந்தது. இன்ஜின் வேகத்தைப் பொறுத்ததுதான் பம்ப்பின் வேகம். மேட்டில் லோடோடு ஏறும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்; பம்ப்பும் மெதுவாகவே தள்ளும். எப்போது டீசல் நன்றாகப் பொடிந்து விழ வேண்டுமோ அப்போதுதான் அழுத்தம் குறைவு. கொல்லிமலை ஏற்றத்தில் லாரி விட்ட கரும்புகையில் பாதிக்கு இதுதான் காரணம்.

உங்கள் புது வண்டியில் இருக்கும் காமன் ரயில் என்ற முறை இதைப் பிரித்துப் போட்டுவிட்டது. பம்ப்பின் வேலை ஒரு கெட்டியான இரும்புக் குழாயில் டீசலை அழுத்தி நிரப்பி வைப்பது மட்டும். எப்போது, எவ்வளவு என்று தீர்மானிப்பது இ.சி.எம். என்ற கம்ப்யூட்டர் பெட்டி. மெதுவாகச் சுற்றினாலும் முழு அழுத்தம் கிடைக்கும். ஆனால் அந்தக் குழாயில் நிற்பது, இன்றைய லாரிகளில், 1,800, 2,000 பார். உங்கள் லாரி டயரில் இருப்பது 8 பார், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நட்டை லூஸ் செய்தால் டீசல் ஊசியாகப் பாய்ந்து தோலுக்குள் இறங்கும். கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி, வலிகூட முதலில் தெரியாது. சில மணி நேரத்தில் கை வீங்கும். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும். லீக் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது, அட்டையை நீட்டிப் பாருங்கள்.

ஏர் எடுக்க வேண்டுமா? ஃபில்டர் தலையில் கை பம்ப்பும் ஏர் ஸ்குரூவும் இருக்கும். அந்தப் பக்கம் குறைந்த அழுத்தம், அங்கே தாராளமாக உங்கள் கைவரிசையைக் காட்டலாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். 2017-ல் பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாடு கட்டாயமானபோது எல்லோரும் இன்லைன் பம்ப் செத்தது என்றார்கள். அசோக் லேலண்டு அதையே வைத்துக்கொண்டு, புகையைத் திருப்பி உள்ளே விடும் ஐ.இ.ஜி.ஆர். என்ற ஏற்பாட்டைச் சேர்த்து தேறிவிட்டது. எங்கள் பட்டறைத் தெருவில் அன்று லட்டு கொடுத்தார்கள்.

டீசல் கார் என்றாலே 'டக் டக்' சத்தம் என்று அப்பா சொல்வார். இப்போது அந்தச் சத்தம் குறைந்துவிட்டதே, ஏன் சார்? டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன்.
— மாணவி, ஈரோடு

விறகடுப்பு மூட்டியிருக்கிறீர்களா அம்மணி? முதலில் கொஞ்சம் காய்ந்த பாளையைப் பற்ற வைத்து, அது பிடித்த பிறகு விறகை வைப்போம். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திணித்தால் கொஞ்ச நேரம் புகைந்துவிட்டு 'குப்'பென்று பிடிக்கும். பழைய டீசல் இன்ஜினில் நடந்தது அந்தக் 'குப்'தான். அழுத்திச் சூடேறிய காற்றில் டீசல் விழுந்தாலும் அது பற்றிக்கொள்ள ஒரு கண நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தில் உள்ளே சேர்ந்த டீசல் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும்போது பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி விழும். அதுதான் உங்கள் அப்பா கேட்ட சத்தம்.

இப்போது பாளையை முதலில் வைக்கிறார்கள். பைலட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். 1, 2 கன மில்லிமீட்டர் அளவுக்கு டீசல். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 கன மில்லிமீட்டர் இருக்கும், அதிலிருந்து இதன் பொடிமையைப் புரிந்துகொள்ளுங்கள். அது எரிந்து உள்ளே சூடேறி நிற்கும்போது மெயின் டீசல் வருவதால் தாமதமே இல்லாமல் எரிகிறது. மெயினுக்குப் பிறகும் கொஞ்சம் தெளித்து மிச்சக் கரியை எரிப்பார்கள். இன்னும் தள்ளித் தெளித்து சைலன்ஸரில் உள்ள கரி ஃபில்டரைச் சூடாக்கிச் சுத்தம் செய்வதும் உண்டு. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின் (நம் ஊர் ஸ்விஃப்ட் டீசலிலும் டாட்டா விஸ்டாவிலும் ஓடியதே, அதுதான்) ஒரு சுற்றில் ஐந்து தடவை வரை தெளிக்கும். 2,000 ஆர்.பி.எம்.மில் ஒரு சுழற்சிக்கே 30 மில்லி செகண்டுதான். அதில் ஒரு துண்டுக்குள் இத்தனையும் நடக்க வேண்டும்.

உங்கள் தேர்வுக்கு உதவும் ஒரு விஷயம்: டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் உள்ள மின்காந்தம், ஓட்டையை மூடியிருக்கும் ஊசியை நேராகத் தூக்குவதில்லை. 1,600 பாரை எதிர்த்துத் தூக்க அதற்கு ஏது பலம்? ஊசியின் தலைக்கு மேலேயும் அதே அழுத்தத்தில் டீசல் நிற்கிறது. காந்தம் திறப்பது அதற்கும் மேலே உள்ள ஒரு பொடி ஓட்டையை. அதன் வழியாகத் துளி டீசல், டாங்கிக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய்க்கு ஓடியதும் மேலே அழுத்தம் இறங்குகிறது, கீழே இருக்கும் அழுத்தமே ஊசியைத் தூக்கிவிடுகிறது. எதிராளியின் பலத்தை வைத்தே அவனைச் சாய்ப்பது. முதன்முதலில் இதை வரைந்தவரைப் பார்த்தால் காலில் விழுவேன்.

சரித்திரம் கேட்டால்: காமன் ரயிலை லாரியில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் டென்சோ, 1995-ல். காரில் 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156. ஃபியட் குழுமம் உருவாக்கி, போஷுக்கு விற்று, போஷ் முடித்துக் கொடுத்தது. அப்போது 1,350 பார்.

விமானத்தில் கார்புரேட்டர் இருந்ததா, இன்ஜெக்‌ஷன் இருந்ததா?
— எட்டாம் வகுப்பு மாணவன், கரூர்

இரண்டும் இருந்தன, இரண்டும் மோதிக்கொண்டன தம்பி. 1940-ல் இங்கிலாந்து வானத்தில் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில், காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த மெர்லின் இன்ஜின். எதிரே வந்த ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டில், பெட்ரோலை அழுத்தித் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன். ஜெர்மன்காரர் சட்டென்று மூக்கைக் கீழே சாய்த்துப் பாய்வார். துரத்துகிறவர் அதே மாதிரி பாய்ந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மேலே எழும்பி இன்ஜின் திக்கும். அதனால் முதலில் உருண்டு தலைகீழாகி, பிறகு பாய வேண்டியிருந்தது. அதற்குள் அவர் போய்விடுவார்.

இதற்கு 1941-ல் வைத்தியம் கண்டது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் இன்ஜினியர். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. பெட்ரோல் வரும் வழியில், அளவாகத் துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. இன்ஜின் மூச்சுத் திணறும் அளவுக்குப் பெட்ரோல் கொட்டாமல் தடுத்தது. விமானத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமலே பொருத்த முடிந்தது. அந்த அம்மா மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மணிக்கு 100 மைலைத் தாண்டியவர் என்பது கூடுதல் தகவல்.

காலையில் கார் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் இழுக்கிறது. டீசல் வண்டி, 1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. உண்மையா?
— ஆசிரியர், பரமத்தி வேலூர்

நான்கும் போயிருக்கலாம், ஒன்று மட்டும் போயிருக்கலாம், எதுவும் போகாமலும் இருக்கலாம். 'ரிட்டர்ன் டெஸ்ட் எடுத்தீர்களா?' என்று கேளுங்கள் சார். அந்த ஒரு கேள்விக்கு எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

மேலே அந்த மாணவிக்குச் சொன்ன பொடி ஓட்டை நினைவிருக்கிறதா? அதை மூடுவது ஒரு குட்டி குண்டு. குண்டு உட்காரும் இடம் தேய்ந்தால் டீசல் நிற்காமல் ரிட்டர்னுக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். நாங்கள் நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, கோடு போட்ட நான்கு பாட்டிலில் விடுவோம். ஐடிலில் சில நிமிஷம் ஓடவிட்டால் போதும். மூன்று பாட்டில் ஒரே மட்டத்தில் நிற்கும், ஒன்று மட்டும் கழுத்துவரை ஏறியிருக்கும். குற்றவாளி அவன்தான். ஸ்டார்டர் சுற்றும்போது ரயிலில் குறிப்பிட்ட அழுத்தம் சேர்ந்தால்தான் இ.சி.எம். தெளிக்கச் சொல்லும். ஒருவன் ஒழுகினாலும் அழுத்தம் சேர நேரமாகும், வண்டி இழுக்கும். உங்கள் காலை நேரத் தொல்லை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் பாட்டில் சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் மாற்றலாம். செம்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும். பழையதைத் திருப்பிப் போடும் கஞ்சத்தனம் வேண்டாம். அப்புறம், கோடிங். இது நான் அடிபட்டுக் கற்றது. காமன் ரயில் கார் எங்கள் பக்கம் வர ஆரம்பித்த புதிதில் ஒரு டாக்ஸிக்காரருக்குப் புது இன்ஜெக்டர் மாட்டிக் கொடுத்தேன். 'நம் கை பார்க்காத நாசிலா' என்ற திமிர். ஐடிலில் குலுங்கியது, புகை விட்டது, மூன்று முறை திரும்பி வந்தார். கடைசியில் இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருந்ததை என் பையன் காட்டினான். ஒரே மெஷினில் செய்தாலும் ஒவ்வொரு இன்ஜெக்டரும் மயிரிழை கூடக் குறையத் தெளிக்கும். அந்த வித்தியாசத்தை அளந்துதான் அந்தக் குறியீடு. ஸ்கேனரில் அதை ஏற்றினால் இ.சி.எம். அதற்கேற்பத் திறக்கும் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். நான் பெஞ்சில் ஸ்குரூடிரைவர் வைத்து நாள் முழுக்கச் செய்த காலிபரேஷனை ஒரு எண் செய்துவிட்டது. டாக்ஸிக்காரரிடம் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏன் தேய்கிறது? இந்தச் சாமான்களுக்குள் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். பழைய பம்ப் விழுங்கி ஏப்பம் விட்ட தூசி இதற்கு மண்வெட்டி. தண்ணீர் அதைவிட மோசம், துருப்பிடித்துவிடும். ஃபில்டரை அதற்கான கிலோமீட்டரில் மாற்றுங்கள். அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் மழைக்காலத்தில் திறந்து வடித்துவிடுங்கள். கேனில் வாங்கி வைத்த டீசலைத் துணியில் வடிகட்டி ஊற்றும் பழக்கம் இருந்தால், அந்தத் துணியின் நூலே போதும். எங்கள் இன்ஜெக்டர் அறைக்குள் வேஸ்ட் துணிக்கே அனுமதி இல்லை.

என்னிடம் 2012 மாடல் கார்புரேட்டர் பைக், தங்கச்சியிடம் பி.எஸ்.6 பைக். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு என் வண்டி மட்டும் திணறுகிறது. அவள் வண்டியில் சோக் கூட இல்லை, ஆனாலும் காலையில் ஒரே அடியில் கிளம்புகிறது!
— பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

பொறாமைப்பட நியாயம் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக விழ வேண்டும். உங்கள் கார்புரேட்டரில் இருப்பது பித்தளை ஜெட்டில் போட்ட நிலையான ஓட்டை, அதற்கு எத்தனால் வந்ததே தெரியாது. கலவை வறண்டு, பிக்கப் குறையும், காலையில் மக்கர் செய்யும். தங்கச்சி வண்டியில் சைலன்ஸர் கழுத்தில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. 'வறண்டு எரிகிறது' என்று அது சொன்னதும் இன்ஜெக்டர் இம்மி நேரம் கூடுதலாகத் திறக்கிறது. குளிரை இன்னொரு சென்சார் பார்த்துக்கொள்வதால் சோக்கும் தேவையில்லை.

மைலேஜ் குறைவதை எந்த சென்சாராலும் தடுக்க முடியாது. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் ஆறேழு சதவீதம் சக்தி குறையத்தான் செய்யும். உங்கள் வண்டிக்கு, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ரப்பர் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள், பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. தங்கச்சியிடம் சொல்ல வேண்டியது, ரிசர்வ் தாண்டி ஓட்ட வேண்டாம். அதில் பம்ப் டாங்கிக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. பெட்ரோல்தான் அதைக் குளிர வைப்பதும்.

டிராக்டர் நாசிலை வீட்டிலேயே தையல் ஊசியால் குத்தி அடைப்பு எடுக்கலாமா?
— விவசாயி, மோகனூர்

கூடாதுங்க. பழைய நாசிலுக்கே அதற்கென்று மெல்லிய கம்பி தனியாக உண்டு. சுத்தம் செய்த பிறகு கை டெஸ்டரில் மாட்டி லீவரை அமுக்கும்போது 'கிர்ர்' என்று பாட வேண்டும், பனி மாதிரித் தெளிக்க வேண்டும், நுனியில் சொட்டு நிற்கக் கூடாது. காமன் ரயில் டிராக்டர் என்றால் ஓட்டை சுமார் 0.12 மில்லிமீட்டர், உங்கள் ஊசி அதைப்போல ஐந்து மடங்கு தடிமன். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், வீட்டில் தேடப்போகிறார்கள்.