கேட்டக்ளிஸம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையான சொற்கள் என்னென்ன? அன்றாடப் பேச்சில் அதை எப்படிப் பயன்படுத்துவது?

கேட்டக்ளிஸம் என்றால் திடீரென வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும் பெரும் நிகழ்வு. அகராதியில் தேடினால் டிசாஸ்டர், கெட்டாஸ்ட்ரஃபி, கலாமிட்டி, அப்ஹீவல் என்று இணைச்சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை அந்த இடத்தில் வைக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. இந்தச் சொல்லை எழுதும் முன் நான் ஒன்றை மட்டும்தான் யோசிப்பேன்: அது நடந்து முடிந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழி இருந்ததா? இருந்தது என்றால் வேறு சொல்லைத் தேடிப் போய்விடுவேன்.

காரணம், சொல் பிறந்த இடம் அப்படி. கிரேக்க மொழியில் கட்டாக்ளுஸ்மோஸ் என்றால் பெருவெள்ளம். இருப்பதையெல்லாம் அலசி அடித்துக்கொண்டு போகும் வெள்ளம். பைபிளின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் நோவா காலத்து வெள்ளத்துக்கு இந்தச் சொல்தான் வருகிறது. நம்முடைய கடல்கோள், பிரளயம் இரண்டும் இதற்கு மிக நெருக்கமானவை. வெள்ளம் என்ற பொருள் இன்று ஆங்கிலத்தில் மங்கிவிட்டது. ஆனால் 'அதோடு ஒரு காலம் முடிந்தது' என்ற தொனி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இயற்கை விஷயத்தில் இதன் சரியான பயன்பாட்டைப் பார்க்க பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலையை எடுத்துக்கொள்ளலாம். 1991 ஏப்ரலிலேயே அங்கே நீராவி வெடிப்புகள் தொடங்கிவிட்டன. ஜூன் 12 முதல் பெரிய வெடிப்புகளும் வந்தன. ஆனால் எரிமலை ஆய்வாளர்கள் 'கேட்டக்ளிஸ்மிக்' என்று குறிப்பிடுவது ஜூன் 15 அன்று நடந்த வெடிப்பைத்தான். அன்று மலையின் உச்சியே இல்லாமல் போய், அந்த இடத்தில் சுமார் 2.5 கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரும் பள்ளம் விழுந்தது. அதே நாளில் ஒரு புயலும் கரை கடந்தது. மழையில் நனைந்த சாம்பலின் எடை தாங்காமல் கூரைகள் இடிந்து விழுந்துதான் நிறைய பேர் இறந்தார்கள். அந்தக் கூரைச் சாவுகளைப் பற்றி எழுதும்போது டிசாஸ்டர், டிராஜெடி போன்ற சொற்கள்தான் பொருந்தும். மலை உருமாறியதைச் சொல்லும்போது கேட்டக்ளிஸம். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை, ஆனால் சொற்கள் பார்க்கும் பக்கம் வேறு.

வரலாற்றில் இந்தச் சொல் அதிகம் ஒட்டிக்கொண்டது முதல் உலகப் போரோடு. ரஷ்ய, ஜெர்மானிய, ஆஸ்திரிய-ஹங்கேரிய, ஒட்டோமான் என்று நான்கு பேரரசுகள் அந்தச் சுழலில் காணாமல் போயின. அதை வெறும் டிசாஸ்டர் என்று எழுதினால் நடந்ததில் பாதியைக்கூடச் சொன்னதாகாது.

இணைச்சொற்களில் கெட்டாஸ்ட்ரஃபி அளவில் கிட்டத்தட்ட சமம். ஆனால் அது விளைந்த நாசத்தைப் பார்க்கிறது. பொறியியலில் 'கெட்டாஸ்ட்ரஃபிக் ஃபெயிலியர்' என்றால் ஒரு பாகம் சட்டென்று, முழுமையாகச் செயலிழப்பது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமலும் அது நடக்கலாம். கலாமிட்டி பட்டவர்களின் துயரத்தைப் பார்க்கிறது. டிசாஸ்டர் ரொம்பவே தளர்ந்துவிட்ட சொல். நிலநடுக்கமும் டிசாஸ்டர், கருகிப்போன கேக்கும் டிசாஸ்டர். டிபாக்கிள் என்று இன்னொன்று உண்டு: பிரெஞ்சில் ஆற்றின் பனிக்கட்டி உடைந்து நகர்வதைக் குறித்த சொல். இப்போது தேர்தலிலோ விளையாட்டிலோ மானம்கெடத் தோற்பதற்குத்தான் வருகிறது. இதை கேட்டக்ளிஸத்துக்கு மாற்றாக எழுதாதீர்கள்.

அன்றாடப் பேச்சுக்கு உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அப்ஹீவல்தான் என்று நினைக்கிறேன். வீடு மாறுவது, நிறுவனங்கள் இணைவதால் வேலை தலைகீழாவது, குடும்பத்தில் பிரிவு வருவது எல்லாவற்றுக்கும் அது இயல்பாகப் பொருந்தும். 'த மூவ் வாஸ் எ பிக் அப்ஹீவல் ஃபார் த சில்ட்ரன்' என்று யாரும் தயங்காமல் சொல்வார்கள். முடிவு நல்லதாகவே இருந்தாலும் அது அப்ஹீவல்தான். அதே வாக்கியத்தில் கேட்டக்ளிஸம் என்று போட்டால் கேட்பவர் திடுக்கிட்டுப் போவார்.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே கேட்டக்ளிஸம் என்ற பெயர்ச்சொல்லைப் பேச்சில் அரிதாகத்தான் எடுக்கிறார்கள். எழுத்தில் கேட்டக்ளிஸ்மிக் என்ற பெயரடையைக் கொஞ்சம் தாராளமாகவே பார்க்கலாம்: கேட்டக்ளிஸ்மிக் இவென்ட், கேட்டக்ளிஸ்மிக் சேஞ்ச். வானியலில் மட்டும் கணக்கு வேறு. அங்கே 'கேட்டக்ளிஸ்மிக் வேரியபிள்' என்பது ஒரு வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) பக்கத்து விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்துக்கொண்டு, அவ்வப்போது பளிச்சென்று ஒளி கூடும் விண்மீன் ஜோடிக்கான பெயர். அந்த ஜோடி அழிந்துவிடுவதில்லை. 1866லும் 1946லும் நோவாவாக, அதாவது திடீர் ஒளி வெடிப்பாக, வெடித்த டி கொரோனா போரியாலிஸ் என்ற விண்மீன் ஜோடி இந்த வகைதான். அங்கே அது கலைச்சொல், அப்படியே விட்டுவிடலாம்.

தமிழில் எழுதும்போது இயற்கை நிகழ்வென்றால் பிரளயம், ஊழிப் பேரழிவு என்பவை நன்றாக நிற்கும். சமூக, அரசியல் மாற்றம் என்றால் நான் ஒற்றைச் சொல்லைத் தேடி மெனக்கெட மாட்டேன். 'அடியோடு புரட்டிப் போட்டது' என்று வினையாக எழுதுவதே வேலையை முடித்துவிடும்.

அப்புறம் உச்சரிப்பு: அழுத்தம் முதல் அசையில் விழும், 'கேட்'. கடைசியில் 'ஸம்' என்று எழுதினாலும் ஆங்கிலத்தில் அது 'இசட்' ஒலி.