முதுமையில் தசை இழப்பு: இயன்முறை மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. எடை குறையவில்லை, ஆனால் கையூன்றித்தான் எழுகிறார். வயதானால் இப்படித்தானே?

பதில்: வயது ஏற ஏறத் தசை குறையும் என்பது உண்மை, அதற்காகக் கையூன்றாமல் எழ முடியாத நிலையை இயல்பென்று விட்டுவிடக் கூடாது. கரைந்த தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுவதால் எடை பார்க்கும் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது. நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், சார்க்கோபீனியாவுக்கான (முதுமையில் தசையும் அதன் வலுவும் குறையும் நிலை) ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவின்படி அவரை மேலும் பரிசோதிக்க வேண்டும்.

இன்னொன்று: காய்ச்சல், சளி என்று அவரை நாள் கணக்கில் படுக்க வைக்காதீர்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாத முதியவர்களே பத்து நாள் படுக்கையில் இருந்ததில், கால்களில் மட்டும் கொழுப்பு நீங்கலான திசு ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது.

கேள்வி: தினமும் நடக்கிறேன், போதாதா?

பதில்: இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். தசை வலுவுக்கு அது மட்டும் போதாது. எடையையோ எதிர்விசையையோ தாங்கும் பயிற்சி வேண்டும்.

கேள்வி: கைப்பிடி வலு குறைந்தால் ஆயுள் குறையும் என்கிறார்களே? ரப்பர் பந்தை அழுத்திப் பழகலாமா?

பதில்: இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1.4 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ‘ப்யூர்’ ஆய்வில், பிடிவலு 5 கிலோ குறையும்போதெல்லாம் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுவதாகத் தெரிந்தது. ஆனால் கை இங்கே உடல் முழுவதன் வலுவுக்கு ஓர் அளவுகோல் மட்டுமே. பந்தை அழுத்தினால் தொடை வலுப்படாது.

கேள்வி: இது வெறும் தொடர்புதானே? நோயாளிக்குக் கை தளர்வது நோயின் விளைவு. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். நோயே வலுவைக் குறைக்கிறது என்பதும், அந்த ஆய்வு காரணத்தை நிறுவவில்லை என்பதும் சரிதான். ஆனால் தசை குறைந்தவர் எளிதில் விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, படுக்கையில் விழுகிறார், இருமிச் சளியை வெளியேற்ற வலுவில்லாமல் நிமோனியாவுக்கு ஆளாகிறார். கடும் நோயின்போது உடல் தனக்குத் தேவையான அமினோ அமிலங்களை, அதாவது புரதத்தின் கூறுகளை, எடுப்பதும் தசையிலிருந்துதான். விளைவே மறுபடி காரணமாகும் இந்தச் சுழலை நாங்கள் வார்டுகளில் அன்றாடம் பார்க்கிறோம்.

கேள்வி (அவரே): அப்படியானால் ஸ்கேன் எடுத்துத் தசையின் அளவைப் பார்ப்பதுதானே முறை?

பதில்: இல்லை. 70 முதல் 79 வயதுவரை உள்ளவர்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, இறப்பை முன்னுணர்த்துவது தசையின் அளவைவிட அதன் வலுவே என்று 2006இல் காட்டியது. பின்னர் ஐரோப்பிய வல்லுநர் குழுவும் தன் வரையறையில் வலுவுக்கே முதலிடம் கொடுத்தது. நாற்காலியும் கடிகாரமும் இருக்கும்போது ஸ்கேனுக்குச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எந்தப் புரதப் பொடி நல்லது?

பதில்: முதியோருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். காலையில் இட்லியும் சட்னியும் மட்டும் என்றால் அது எட்டாது. முட்டை, சுண்டல், பால், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். முதியோர் இல்லத்தில் இருந்த நூறு பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில்லாமல் கொடுத்த ஊட்டச்சத்து பானம் மட்டும் பலவீனத்தைக் குறைக்கவில்லை.

கேள்வி: மாமனாருக்கு கிரியாட்டினின் கூடுதல். பொடி தரலாமா?

பதில்: கிரியாட்டினின் கூடுவது சிறுநீரகம் தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தராதீர்கள்.

கேள்வி: தாத்தாவுக்குப் பொடியைப் பாலில் கலக்கலாமா, தண்ணீரிலா?

பதில்: மேலே பொடி பற்றி எழுதியதைப் படியுங்கள். அவர் என்ன பயிற்சி செய்கிறார் என்பதை எழுதினால் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பாட்டிக்கு 90 வயது. இனிப் பயன் உண்டா?

பதில்: உண்டு. 1990இல் பாஸ்டனில், சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. முதலில் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பரிசோதித்துவிட்டு, இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் தொடங்குங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எடையைத் தூக்க விடாதீர்கள். அதுவரை, வீட்டில் பகல் முழுவதும் அவரைக் கட்டிலில் கிடத்தாதீர்கள்.