கனகாம்பரக் கொழுந்து வெளுக்கிறதா? சுவரைப் பாருங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டுப் பின்கட்டுச் சுவர் ஓரமாக 40 டெல்லி கனகாம்பரம் வைத்தேன். ஆறு மாதமாகிறது. கொழுந்து இலை மஞ்சளாக வெளுக்கிறது, பூவும் சிறுத்துவிட்டது. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஆச்சி, யூரியாவை நிறுத்திவிடுங்கள். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். உங்களுக்குக் கொழுந்து வெளுக்கிறது. ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடையெல்லாம் வெளுத்திருந்தால் அது இரும்புச்சத்துக் குறை.

செம்மண் பூமியில் இரும்புக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். மண்ணில் இருக்கிறது, வேருக்குத்தான் கிடைக்கவில்லை. நம் பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. சுவரிலிருந்து உதிர்ந்த காரை வருடக்கணக்கில் அந்த ஓரத்து மண்ணில் சேர்ந்திருக்கும். சுண்ணாம்பு மிகுந்தால் இரும்பு கரையாது. செடியடியில் ஒரு சாண் தோண்டி, கிடைக்கும் வெள்ளைத் துணுக்கில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

உடனடிக்கு, லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு தரம். புது இலை பச்சையாக வரும். ஆனால் அந்த மண்ணிலேயே செடி நின்றால் மறுபடி வெளுக்கும்.

அதனால் புது இடம் பாருங்கள். சுவரைவிட்டு நாலடி தள்ளி, மதிய வெயிலுக்கு லேசாக நிழல் விழும் இடம் போதும். டெல்லி ரகம் விதை பிடிக்காது. குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். தெளித்தபின் தேறிய செடியில் விரல் நீளத்துக்கு நுனிக்குச்சி நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். ஒரு மாதத்தில் வேர்விடும். பிறகு தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்த குழியில் ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது, வேர் அழுகிப்போகும்.

இன்னொன்று, பழைய செடி ஒன்றைப் பிடுங்கி வேரைத் தடவிப் பாருங்கள். கடுகு கடுகாக முடிச்சு தட்டுப்பட்டால், வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான நூற்புழுவும் இருக்கிறது. கனகாம்பரத்துக்கு அதுதான் பெரிய எதிரி. அப்படியானால் அந்த மண்ணில் ஒரு கூடைகூடப் புதுக் குழிக்குப் போகக் கூடாது. அங்கே ஒரு போகம் துலுக்கச்செவ்வந்தி போடுங்கள், புழு குறையும். நுனிக்குச்சியைத் தாராளமாக எடுக்கலாம். புழு வேரில்தான் இருக்கும்.