பைசா கோபுரத்தை ஏன் பாதியில் விட்டார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பைசா சாய்ந்த கோபுரத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினார்கள் என்று படித்தேன். சாய்ந்த பக்கத்தில் முட்டுக் கொடுத்தார்களா? முழுக்க நிமிர்த்தாமல் ஏன் விட்டார்கள்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: முட்டெல்லாம் கொடுக்கவில்லை. ஆடுகிற பீரோவுக்கு நாம் தாழ்ந்த காலின் அடியில் அட்டையை மடித்துச் செருகுவோம் அல்லவா? பைசாவில் உயர்ந்த காலின் அடியிலிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள்.

கோபுரத்தின் கனம் சுமார் 14,500 டன். உயரம் 56 மீட்டர், அஸ்திவார ஆழமோ வெறும் 3 மீட்டர். அடியில் இருப்பது வண்டலும் மிருதுவான களிமண்ணும். 1173-ல் தொடங்கிய வேலை மூன்று நிலை எழும்பியதும் 1178 வாக்கில் நின்றுபோய், 1272-ல்தான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளிதான் கோபுரத்துக்கு உயிர்ப்பிச்சை. சுமை அழுத்த அழுத்தக் களிமண்ணுக்குள் இருந்த தண்ணீர் மெல்லக் கசிந்து வெளியேறி, மண் இறுகியது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அந்தக் காலத்திலேயே கவிழ்ந்திருக்கும். பிறகு வந்த கொத்தனார்கள் மேல்நிலைகளைத் தூக்குக்குண்டுக்கு ஒத்துவரும்படி திருத்திக் கட்டினார்கள். அதனால் கோபுரம் சாய்ந்திருப்பதோடு வாழைப்பழம் போல லேசாக வளைந்தும் இருக்கிறது.

வைத்தியம் பார்க்கப்போய் நோயை வளர்த்ததும் உண்டு. 1838-ல், மண்ணில் புதைந்த அடிப்பாகம் வெளியே தெரியட்டும் என்று சுற்றிலும் பள்ளம் வெட்டினார்கள். நிலத்தடி நீர் பீறிட்டு வந்தது, சாய்வு கூடியது. 1934-ல் முசோலினி அரசு அஸ்திவாரத்தில் 361 துளை போட்டு சிமென்ட் கரைசலைச் செலுத்தியது. கோபுரம் இன்னும் கொஞ்சம் தெற்கே சாய்ந்ததுதான் மிச்சம்.

1990-ல் சாய்வு ஏறக்குறைய ஐந்தரை டிகிரி. பார்வையாளர்களுக்குக் கதவை மூடினார்கள். 1993-ல் வடக்குப் பக்கத்து அடிப்பீடத்தின் மேல் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கியதும் சாய்வு நின்று, ஒரு துளி பின்வாங்கவும் செய்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே, ஈயத்துக்குப் பதிலாகப் பூமிக்குள் நங்கூரக் கம்பிகள் போடலாம் என்று 1995-ல் தோண்டப் போனார்கள். ஊற்றுத் தண்ணீரைத் தடுக்கத் திரவ நைட்ரஜனால் மண்ணை உறைய வைத்தார்கள். ஒரே இரவில் கோபுரம் 1.5 மில்லிமீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது. சாதாரணமாக ஒரு வருஷத்தில் நகரும் தூரம் அது! அவசர அவசரமாக இன்னும் 300 டன் ஈயம் ஏற்றித்தான் நிறுத்த முடிந்தது.

கடைசியில் பலித்தது மண் எடுக்கும் வழி. வடக்குப் பக்கம் 41 குழாய்களைச் சாய்வாக இறக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் திருகு போன்ற துளைக்கருவியை விட்டு, மண்ணைத் துளித்துளியாக எடுத்தார்கள். கருவியை இழுத்ததும் அந்தப் பொந்து தானாகவே அமுங்கி மூடிக்கொள்ளும், கோபுரத்தின் வடக்கு விளிம்பு ஒரு மயிரிழை இறங்கும். ஒவ்வொரு நாளும் அளவெடுத்து, அடுத்து எந்தக் குழாயில் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்தார்கள். 1999-ல் சோதனையாகத் தொடங்கி 2001-ல் முடிந்தபோது வெளியே வந்திருந்தது சுமார் 38 கனமீட்டர் மண், அதாவது சில லாரி லோடுதான். உச்சி 45 சென்டிமீட்டர் பின்னுக்கு வந்திருந்தது.

முழுக்க நிமிர்த்தாததற்கு வருவோம். அரை டிகிரி குறைந்தாலே தெற்குப் பக்கத்துக் கல்லின் மேல் இருந்த ஆபத்தான அழுத்தம் தணிந்துவிடும், அதற்கு மேல் தேவையில்லை. தவிர, வாழைப்பழத்தை எப்படி நிமிர்த்துவது? அடிப்பகுதியை நேராக்கினால் உச்சி வடக்கே சாயும். நேரே நிற்கிற பைசாவைப் பார்க்க டிக்கெட் வாங்குவது யார் என்பது இத்தாலிக்காரர்கள் வெளியில் சொல்லாத மூன்றாவது காரணமாக இருக்கலாம்!

கேள்வி: சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியுமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: தெரியாது. சுவரின் அகலம் பல இடங்களில் 6 மீட்டர்தான். நிலாவின் தூரம் 3,84,000 கிலோமீட்டர். நாலு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் ஒற்றைத் தலைமுடியைப் பார்க்க முடிந்தால் இதையும் பார்க்கலாம். 2003-ல் பூமியைச் சுற்றிவந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய்யே தமக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நிலாக் கதையை விட ருசியான சங்கதி அதன் காரையில் இருக்கிறது. மிங் வம்சக் காலத்தில் பிசுபிசுப்பான அரிசியின் கஞ்சியைச் சுண்ணாம்போடு கலந்து பூசினார்கள். கஞ்சியிலுள்ள மாவுச்சத்து சுண்ணாம்புப் படிகங்களைப் பெரிதாக வளர விடாமல் பொடிப்பொடியாக நெருக்கி வைக்கிறது, அதனால் காரை கெட்டிப்படுகிறது. நம் ஊர்க் கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காய் ஊறலும் கருப்பட்டியும் சேர்த்ததும் இதே மாதிரியான கைப்பக்குவம்தான்.

கேள்வி: அமெரிக்காவின் ஹூவர் அணையில் கான்கிரீட் உள்ளே இன்னும் ஈரமாகவே இருக்கிறதாமே? (மேட்டூர் வாசகர்)

பதில்: ஈரம், சூடு இரண்டும் குழம்பி உருவான வதந்தி இது. கான்கிரீட் 'காய்ந்து' கெட்டியாவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் ரசாயன மாற்றம் அடைந்து கெட்டியாகின்றன. அப்போது வெப்பம் வெளிப்படும். வீட்டுத் தளத்தின் ஐந்தாறு அங்குலக் கனத்தில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ஹூவர் அணையின் அடிப்பகுதியோ 200 மீட்டர் தடிமன். ஒரே வார்ப்பாகப் போட்டிருந்தால் உள்சூடு ஆற 125 ஆண்டு பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். வெளிப்புறம் முதலில் ஆறிச் சுருங்க, உள்ளே சூடாகவே இருந்தால் விரிசல் நிச்சயம்.

அதனால் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒன்றரை மீட்டர் உயரம் மட்டும் போட்டார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு அங்குல இரும்புக் குழாயைப் பரப்பி, முதலில் ஆற்றுத் தண்ணீரும் பிறகு குளிரூட்டிய தண்ணீரும் ஓட விட்டார்கள். குழாயின் மொத்த நீளம் 900 கிலோமீட்டருக்கு மேல். ஆறியதும் கட்டங்கள் சுருங்கி நடுவே இடைவெளி விழும். அதிலும், வேலை முடிந்த குழாய்களுக்குள்ளும் சிமென்ட் கரைசலை நிரப்பினார்கள். 1933 ஜூனில் தொடங்கிய வார்ப்பு 1935 மே மாதத்தில் முடிந்தது. 1995-ல் துளையிட்டு எடுத்த மாதிரியில், கான்கிரீட் இன்னும் பலம் கூடிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஈரமாகக் கிடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் வீட்டுத் தளத்துக்கு க்யூரிங் செய்வது குளிர வைக்க அல்ல, ஈரம் போகாமல் காக்க. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு 10 நாள். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று தெளிப்பதில் பயனில்லை. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள், அல்லது ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.

கேள்வி: இரண்டு பக்கமும் கடல்தானே, பனாமா கால்வாயில் கப்பலை ஏன் மேலே தூக்கி இறக்குகிறார்கள்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: நடுவில் மலை. அதைக் கடல் மட்டம் வரை வெட்ட முயன்ற பிரெஞ்சுக்காரர்கள் நிலச்சரிவிலும் காய்ச்சலிலும் தோற்றார்கள். பின்னால் வந்த அமெரிக்கர்கள் சாக்ரெஸ் ஆற்றை மறித்து, கடல் மட்டத்துக்கு மேலே 26 மீட்டர் உயரத்தில் கதூன் ஏரியை உண்டாக்கினார்கள். கப்பல் படிக்கட்டுத் தொட்டிகளில் ஏறி ஏரிக்குப் போய், மறுபக்கம் இறங்குகிறது. தொட்டியை நிரப்பப் பம்பு கிடையாது. மடையைத் திறந்தால் மேல்தண்ணீர் தானாக இறங்கும், எட்டு நிமிஷம் போதும்.

சிக்கலும் அங்கேதான். ஒரு கப்பல் கடக்க ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. 2016-ல் திறந்த பெரிய தொட்டிகளுக்குப் பக்கத்தில் சேமிப்புக் குளங்கள் வைத்து 60 சதவீதத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அப்படியும் 2023-ல் மழை பொய்த்தபோது, கடக்கும் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: வட அயர்லாந்தின் 'ஜயன்ட்ஸ் காஸ்வே' கல்தூண்கள் எப்படி உளியால் செதுக்கியது போல அறுகோணமாக வந்தன? பிள்ளைகளுக்குப் புரியும்படி காட்ட முடியுமா? (சிவகங்கை ஆசிரியை)

பதில்: சுமார் 40,000 தூண்கள், எல்லாம் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது வெடித்தவை. வறண்ட கண்மாயை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அங்கே வெடிப்புகள் பெரும்பாலும் 'டி' வடிவத்தில் முட்டி நிற்கும், ஏனென்றால் ஒரு வெடிப்பு முந்திக்கொள்ள, அடுத்தது அதில் போய் இடிக்கிறது. எரிமலைக் குழம்பில் வெடிப்பு மேலிருந்து கீழே படிப்படியாக இறங்குகிறது. இறங்க இறங்க வெடிப்புகள் ஒன்றையொன்று சரிசெய்துகொண்டு, மூன்று வெடிப்புகள் 120 டிகிரியில் சந்திக்கும் நிலைக்கு வருகின்றன. அப்படிச் சந்தித்தால் கிடைப்பது அறுகோணம். ஐந்து பக்கம், ஏழு பக்கத் தூண்களும் அங்கே நிறைய உண்டு.

வகுப்பில் செய்து காட்ட: சோளமாவு (கடையில் விற்கும் கான்ஃப்ளவர்) 250 கிராம், தண்ணீர் 250 கிராம். கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் நாலைந்து சென்டிமீட்டர் உயரம் ஊற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும், ஆகவே ப்ளீச்சிங் திரவம் சில சொட்டு விடுங்கள் (பிறகு யாரும் வாயில் வைக்கக் கூடாது). மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். எல்.இ.டி. சூடு தராது, அது வேண்டாம்.

முதல் இரண்டு நாளில் கண்மாய் வெடிப்பு மாதிரி நாலைந்து பெரிய பிளவு மட்டும் வரும். 'தோற்றுவிட்டது' என்று பலர் கொட்டிவிடுவது அந்தக் கட்டத்தில்தான். தூண்கள் மேல்பரப்பில் தெரியாது. முழுக்கக் காய்ந்த பிறகு கட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்திலிருந்து மெதுவாக உடையுங்கள். சில மில்லிமீட்டர் பருமனில், குச்சி குச்சியாகத் தூண்கள் பிரிந்து வரும். பல்பை இன்னொரு கிண்ணத்துக்குத் தூரத்தில் வைத்தால், மெல்லக் காய்ந்து தூண் பருமனாக வரும். எரிமலைப் பாறையிலும் மெல்ல ஆறினால் பருத்த தூண், வேகமாக ஆறினால் ஒல்லித் தூண்.

நிஜக் கல்தூணைத் தொட்டுப் பார்க்க அயர்லாந்து வரை போக வேண்டாம். கர்நாடகத்தில் உடுப்பி அருகே, மல்பே கடற்கரையிலிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போகலாம். மழைக்காலத்தில், மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, படகு ஓடாது. கோடை விடுமுறை தொடங்கியதுமே, மே பாதி ஆவதற்குள் கூட்டிப் போய்விடுங்கள்.