நாலு பேர் ஒரே ரூம்ல உக்காந்த அந்த ராத்திரி

வணக்கம் சார்,

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக்கோட 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவல படிச்ச கையோட 1992ல வந்த படத்தையும் பாத்தேன். படம் முடியறப்ப நல்லா அழுதுட்டேன். ஆனா நாவல் முடிச்சப்ப அழுகையே வரல, யார்கூடவும் பேசப் பிடிக்காம கிடந்தேன். படத்துல நட்பு இருக்கு, தனிமை இல்லைன்னு தோணுது. தனிமைய சினிமால காட்டவே முடியாதா? நண்பர்கள் சேந்து மாசம் ஒரு படம் போட்டுப் பாக்கறோம், இதப் போடலாமா இல்ல 1939ல வந்த பழைய படத்தப் போடலாமா?

கே.

அன்புள்ள கே.,

ஒருத்தன் தனியா ஜன்னலோரம் நிக்கறத காட்டறது கேமராவுக்கு ரொம்ப ஈஸி. இந்த நாவல்ல இருக்கற தனிமை அந்த மாதிரி கிடையாது, இதுல எல்லாரும் கூட்டமாத்தான் இருக்காங்க, ஒரே கொட்டகைல படுக்கறாங்க, சேந்து சீட்டு ஆடறாங்க, ஆனா பக்கத்து கட்டில்ல படுத்திருக்கறவன் அடுத்த மாசம் எந்த ஊர்ல இருப்பான்னு யாருக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கணும்னும் இல்ல. 1930கள்ல கலிபோர்னியாவோட சலினாஸ் பக்கம் படுக்கைய சுருட்டி முதுகுல போட்டுக்கிட்டு பண்ணை பண்ணையா அலைஞ்ச கூலிக்காரங்க வாழ்க்கை அது. ஸ்டைன்பெக்கே இளவயசுல அந்தப் பக்கத்துப் பண்ணைகள்ல வேலை பாத்தவர், அதனாலதான் கதையோட ரெண்டு நண்பர்கள் ஜார்ஜும் லென்னியும் சேந்து வர்றத பாத்து பண்ணைக்காரன் சந்தேகப்படறான்னு எழுதறார். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் பேசறான்னா அவன் சம்பளத்த திருடறான்னுதான் முதல்ல நினைக்கறாங்க, நட்புங்கறது அங்க அவ்வளவு அபூர்வம்.

நீங்க தேடற தனிமை நாலாவது அத்தியாயத்துல இருக்கு. சனிக்கிழமை ராத்திரி, திடகாத்திரமான ஆளுங்க எல்லாம் டவுனுக்குப் போயாச்சு. லாயத்துல வேலை பாக்கற குரூக்ஸ் கறுப்பினத்தவர், முதுகு வளைஞ்சவர், மத்தவங்க படுக்கற கொட்டகைக்குள்ள அவருக்கு அனுமதி இல்ல, குதிரைச் சாமான் வெக்கற ரூம்லதான் புத்தகங்களோட இருக்கார். அங்க லென்னி வர்றான், பின்னாடி கை போன கிழவர் கேண்டி வர்றார், இத்தன வருஷம் அதே பண்ணைல இருந்தும் அந்த ரூமுக்குள்ள அவர் கால் வெக்கறது அன்னிக்குத்தான். ஜார்ஜும் லென்னியும் வாங்க நினைக்கற நிலத்துக்குத் தன்கிட்ட இருக்கற பணத்தப் போடப் போறேன்னு கிழவர் சொல்லச் சொல்ல குரூக்ஸ் கொஞ்சம் கொஞ்சமா நம்ப ஆரம்பிக்கறார், சம்பளமே வேணாம், நானும் வந்து உழைக்கறேன்னு கேட்டுடறார். அந்த நேரத்துல முதலாளி மகனோட மனைவி உள்ள வர்றா, நாவல்ல அவளுக்குப் பேர் கூட கிடையாது. பேசறதுக்கு ஆளில்லாம வந்தவதான் அவளும். வெளிய போன்னு சொன்னதும் குரூக்ஸப் பாத்து, ஒரு வார்த்த சொன்னா உன்ன மரத்துல தூக்கிருவாங்கன்னு மிரட்டறா. அவர் அப்படியே சுருங்கிடறார், நிலத்துக்கு வர்றேன்னு சொன்னத மறந்துருங்கன்னு கேண்டிகிட்ட சொல்லிடறார்.

1992 படத்துல இந்த நாலு பேரும் அந்த ரூம்ல சேரவே இல்ல. லென்னி குரூக்ஸ்கிட்ட போறான், பேசறாங்க, அவ்வளவுதான், அந்த மிரட்டல் இல்ல. அந்தப் பொண்ணு மேல இரக்கம் வரணும்னு டைரக்டர் கேரி சினீஸ் நினைச்சிருக்கார், அவ இசைத்தட்டுகள புருஷன் உடைச்சதா ஒரு காட்சி வெச்சிருக்கார். அந்த இரக்கம் நியாயம்தான். ஆனா நாவல்ல அவளும் தனிமைல வெந்துதான் தன்னவிட எளியவன மிதிக்கறா, அதே வாயால. ரெண்டும் சேந்ததுதான் அவ. ஒண்ண எடுத்துட்டதும் மனுஷங்க நல்லவங்களாயிட்டாங்க, தனிமை லேசாயிருச்சு. படத்துல ஜார்ஜா வர்ற சினீஸும் லென்னியா வர்ற ஜான் மால்கோவிச்சும் 1980லயே சிகாகோ மேடைல அதே வேஷங்கள்ல நடிச்சவங்க, அவங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற பழக்கம் திரைல அப்படியே தெரியுது, படமும் அவங்கள விட்டு நகர மாட்டேங்குது. நட்பு நிறைஞ்சதும் தனிமை ஒதுங்கினதும் இதனாலதான்னு நான் நினைக்கறேன்.

முடிவையும் பாருங்க. படத்துல, துரத்தி வர்றவங்க கைல சிக்க விடாம ஜார்ஜே லென்னிய சட்டுனு சுட்டுடறான், அப்புறம் ஓடற சரக்கு ரயில்ல தனியா உக்காந்து நினைச்சுப் பாக்கறான், நாம அழறோம். நாவல்ல எல்லாரும் வந்து சேந்துடறாங்க. பண்ணைல வேலை பாக்கற ஸ்லிம் ஒருத்தன்தான் புரிஞ்சுக்கிட்டு ஜார்ஜ குடிக்கக் கூட்டிட்டுப் போறான். கூட வேலை பாக்கற கார்ல்சன் பின்னாடி நின்னு, இவங்க ரெண்டு பேருக்கும் என்ன கவலைன்னு கேக்கறான், புத்தகம் அதோட முடிஞ்சிருது. கேண்டியோட கிழட்டு நாய சுட்டவன் இந்தக் கார்ல்சன், லென்னிய சுட்டதும் இவனோட துப்பாக்கிதான், இருந்தும் அவனுக்கு ஒண்ணுமே விளங்கல. ரயில்ல தனியா உக்காந்திருக்கற ஜார்ஜவிட கார்ல்சன் கேட்ட அந்தக் கேள்விதான் எனக்குக் கொடுமையா இருக்கு. உங்களுக்கு அழுகை வராம போனதும் அதனாலதான் இருக்கும்.

இது ஒரு படத்தோட குறை மட்டும் இல்ல. கார்ஸன் மெக்கல்லர்ஸோட 'தி ஹார்ட் இஸ் எ லோன்லி ஹன்ட்டர்' 1940ல வந்த நாவல், 1968ல படமாச்சு, சிங்கர்ங்கற பேர் கொண்ட வாய் பேசாத ஆளா ஆலன் ஆர்கின் பிரமாதமா நடிச்சிருப்பார். நாவல்ல ஒரு இடம், சிங்கர்கிட்ட தனித்தனியா வந்து மனச கொட்டற நாலு பேரும் ஒரே நாள் ஒண்ணா வந்துடறாங்க, வந்து ஒருத்தரோட ஒருத்தர் பேச ஒண்ணுமில்லாம திணறறாங்க, பேசினாலும் சிங்கரப் பாத்துத்தான் பேசறாங்க. சிங்கரோ, மனநல விடுதில இருக்கற படிக்கத் தெரியாத தன் நண்பனுக்கு லெட்டர் எழுதிக்கிட்டிருக்கார். இந்த நாவலப் படமாக்க வர்றவங்க முதல்ல இந்த மாதிரி இடங்களத்தான் பிடிச்சுக்கணும், ஒரு ரூம், நாலஞ்சு பேர், யாரும் யாரையும் கேக்கல. செலவே இல்லாத காட்சி. சினிமால முடியாதுன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, முடியும்.

உங்க நண்பர்களுக்கு 1939 படத்தப் போடுங்க. லூயிஸ் மைல்ஸ்டோன் டைரக்‌ஷன், ஏரன் கோப்லாண்ட் இசை, லென்னியா லான் சேனி ஜூனியர். சில இடத்துல நாடகத்தனம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க. குரூக்ஸா நடிச்ச லீ விப்பர் இதே கதையோட 1937 நாடகத்துலயும் அதே வேஷம் போட்டவர், அவர் ரூம்ல நடக்கற பேச்ச இந்தப் படம் அவசரப்படுத்தல. முடிஞ்சா படத்துக்கு முன்னாடி நாலாவது அத்தியாயத்த யாராவது ஒருத்தர் சத்தமா வாசிச்சுருங்க, சின்ன அத்தியாயம்தான். பாத்துட்டு யார் என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.