நம்பிக்கையும் மரண பயமும்

கேள்வி: சாவுக்கு அஞ்சித்தான் மனிதன் கடவுளை நம்புகிறான் என்று என் மகன் வாதிடுகிறான். அது சரியா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி சரி, திருக்கடையூரை வைத்துக்கொண்டு அதை முழுவதுமாக மறுக்க முடியாது. மார்க்கண்டேயனின் உயிரைக் கவர வந்த எமனைச் சிவன் காலால் உதைத்ததாகச் சொல்லப்படும் அத்தலத்தில், கணவருக்கு 60 அல்லது 80 வயது நிறைந்த தம்பதியர், பேரப்பிள்ளைகள் சூழக் கலச நீரில் நனைந்து மீண்டும் மாலை மாற்றிக்கொள்வது ஆயுளை வேண்டித்தான். ஆனால் ஸ்ரீவாஞ்சியம் சிவன் கோயிலில் எமனுக்கே தனிச் சன்னதி உண்டு. அவரை முதலில் வணங்கிவிட்டுத்தான் வாஞ்சிநாதரிடம் செல்வது வழக்கம். அஞ்சி ஓடுகிறவன் இப்படிச் செய்வானா என்பது என் ஐயம். தவிர, ஒரு நம்பிக்கை பயத்தில் பிறந்தது என்று காட்டிவிட்டால் அது பொய் என்று ஆகிவிடாது. மெய் என்றும் ஆகிவிடாது. ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் படைத்து, ஒருவர் கழுத்தில் ஒருவர் மஞ்சள் கயிறு கட்டிவிடும் பெண்களிடம் நான் கண்டது, தண்ணீர் வந்துவிட்ட மகிழ்ச்சியும் நன்றியுமே. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் அடிபம்பு நீரை வைத்தும் அதே படையலைப் போடுகிறார்கள்.